அமிலச் சொட்டு அறியாதது

சுண்ணாம்புக்கல் என்றவுடன் நம்மில் பலருக்கு வெற்றிலையும், பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரும்தான் நினைவுக்கு வரும். நிலவியல் மாணவனான எனக்கோ செய்முறைத் தேர்வு நினைவுக்கு வருகிறது. கல்லின் மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு. நுரைத்துப் பொங்கினால் ‘சுண்ணாம்புக்கல்’ என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். அத்தோடு கல்லுக்கும் நமக்கும் உள்ள உறவு முடிந்தது. இது போதாது என்பதே என் கருத்து.

நுரைப்பது கால்சியம் கார்பனேட். தூய கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும். 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். சிமெண்ட் ஆலைக்கு இந்தக் கணக்கு போதும். களிமண் எவ்வளவு, மக்னீசியா மிகுந்துவிட்டதா என்றும் பார்ப்பார்கள். ஆனால் ஒரே விழுக்காடு காட்டும் இரண்டு கற்கள் கட்டமைப்பில் முற்றிலும் வேறாக இருக்கலாமே!

கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் பெயர்பெற்ற கல்லங்குறிச்சியை எடுத்துக்கொள்வோம். அரியலூரை அடுத்த அவ்வூரின் பெயரையே அங்குள்ள சுண்ணாம்புக்கல் அடுக்குக்கும் வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரிட்டேசியஸ் காலத்தின் இறுதியில், கடலடியில் படிந்தது அது. உடைத்த முகத்தைக் கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். கிரைபியா என்னும் சிப்பி தெரியும். ஓர் ஓடு தடித்து வளைந்து கிண்ணம்போலவும், மற்றது தட்டையாக மூடிபோலவும் இருக்கும். ஓடுகளுக்கிடையே சுண்ணாம்புச் சேறு இறுகியிருக்கும். சேறு புகாத இடங்களில் கால்சைட் படிகங்கள் மின்னும். இரண்டு ஓடும் பிரியாமல் கிடந்தால், அச்சிப்பி நெடுந்தூரம் உருண்டு வரவில்லை எனலாம். ஓடுகள் நொறுங்கிச் சேறும் அலசப்பட்டிருந்தால், அங்கே அலை மோதியிருக்கிறது. கல்லக்குடிப் பக்கத்தில் இதனினும் பழைய அடுக்கில், பவளமும் பாசியும் சேர்ந்து கட்டிய கல் கிடைக்கிறது. அமிலச் சொட்டுக்கு எல்லாம் ஒன்றுதான்!

சுரங்கத்தை மூடச் சொல்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். என் தந்தை சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் துளைபோடும் வேலை செய்கிறார். நான் படிப்பதே அந்தக் கல்லால்தான். ஒருநாள் துண்டில் முடிந்து ஒரு சிப்பிக்கல்லைக் கொண்டுவந்து, “இது உன் படிப்புல வருதா தம்பி?” என்று கேட்டார். பெயரைச் சொன்னேன், அவருக்கு ஒரே பெருமை. எந்த அடுக்கில் கிடைத்தது என்று கேட்க எனக்குத் தோன்ற ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் அந்த இடம் வெடிவைத்து அரவைக்குப் போய்விட்டது. கல்லைத் துறை அலமாரிக்குக் கொடுத்தேன். சீட்டில் ‘அடுக்கு’ என்ற இடம் காலியாகத்தான் இருக்கிறது.

1860-களிலேயே இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பிளான்போர்டும் ஸ்டாலிஸ்காவும் இப்பகுதிப் பாறைகளையும் அவற்றிலுள்ள உயிரெச்சங்களையும் ஆராய்ந்து எழுதினார்கள். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் உண்டு. பக்கத்திலேயே வாழும் நாம் ஆண்டுக்கு ஆளுக்கொரு கல்லாவது கொண்டுவரலாகாதா? ஊர், அடுக்கு, ஆழம், தேதி எல்லாம் எழுதிய சீட்டோடு வர வேண்டும். சுரங்கத்துக்குள் செல்ல அனுமதி பெற்றுத்தர நம் பேராசிரியர்கள் முன்வர வேண்டும். செய்முறைத் தேர்வில் அமிலச் சோதனைக்கு எத்தனை மதிப்பெண்ணோ, கல்லின் கட்டமைப்பைப் பார்த்து வரைவதற்கும் அத்தனை தரட்டும். மதிப்பெண் இருந்தால் எங்களில் சோம்பேறிகளும் லென்ஸைக் கையில் எடுப்பார்கள்.