நெய்தற்கரையும் துருவமலையும்

நிலமும் பொழுதுமே முதற்பொருள் என வகுத்தவர் தொல்காப்பியர். பாட்டின் பொருளிலேயே புவியியலை முதலில் நிறுத்திய மொழி நம்முடையது. அம்மொழியைப் பயிலும் மாணவர், ஐந்திணைக்கு அப்பால் நிலமே இல்லை என்பதுபோல் நின்றுவிடுதல் முறையாகுமா?

அண்டார்க்டிகாவின் மிக உயர்ந்த சிகரமாகிய வின்சன், தென்துருவத்திலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில், 4,892 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. மனிதக் காலடி அதன் உச்சியில் முதன்முதலாகப் பதிந்தது 1966 டிசம்பரில்தான். அங்கே கோடையில் ஏறத்தாழ நான்கு திங்கள் கதிரவன் மறைவதில்லை. மாலை, யாமம், வைகறை என்னும் சிறுபொழுதுகள் அங்குப் பொருளிழக்கின்றன. மலையாயினும் அது குறிஞ்சியன்று. மரமில்லை, தேனில்லை, குடியுமில்லை. பனி போர்த்தியிருப்பினும் மழை காணா வறள்நிலமாதலின், ஒருவகையில் அது பாலையே எனலாம்.

‘கடற்கரையில் வாழும் நமக்கு அம்மலை எதற்கு?’ என்பார் உளர். அவர்கள் மரக்காணத்து உப்பளங்களை நோக்குவாராக. பாத்தியில் தேக்கிய கடல்நீரை வெயில் உறிஞ்ச, உப்பு எஞ்சுகிறது. துருவக் கடலிலோ கடுங்குளிர் நீரை உறையச் செய்து உப்பை வெளித்தள்ளுகிறது. அவ்வுவர்நீர் கனத்து ஆழத்தில் இறங்கி, இந்தியப் பெருங்கடலின் அடித்தளம் வரை பரவுகிறது. வின்சன் நிற்கும் மேற்கு அண்டார்க்டிகாவின் பனிப்பரப்பு முழுதும் உருகின், உலகக் கடல்மட்டம் மூன்று மீட்டருக்கு மேல் உயரும் என்பர் அறிவியலார். அது ஓரிரவில் நேர்வதன்று, நூற்றாண்டுகள் ஆகலாம். ஆயினும் கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் பாத்திக்கு ஒரு சாண் உயர்வும் பெரிதன்றோ! அப்பாத்தியில் உழைப்போர் குடும்பங்களின் பிழைப்பும் அதனோடு பிணைந்தது.

1982 ஜனவரியில் அண்டார்க்டிகாவில் இறங்கிய முதல் இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கடலியல் அறிஞர் டாக்டர் சையது ஜஹூர் காசிம். 1989இல் மைத்ரியும் 2012இல் பாரதியும் அங்கே நம் நாட்டு ஆய்வு நிலையங்களாயின. நாடு அங்கே சென்றுவிட்டது. நம் தமிழ் சென்றதா?

புல்நுனியில் நிற்கும் துளியும் பனி. இமயத்தை மூடிய வெண்மையும் பனி. ஒரு சொல்லே இரண்டையும் சுமக்கிறது. பனியாறு, பனிப்பாறை, உறைபனி எனச் சொற்கள் பிறந்துள்ளன. அவை பாடநூலில் உறங்குகின்றன. எழுதியும் பேசியும் வழங்கினாலன்றிச் சொல் உயிர்பெறாது. ஆகவே, தமிழ்த்துறை மாணவர் ஆண்டுக்கு ஒரு கட்டுரையேனும் அயல்நிலம் ஒன்றைப் பற்றித் தமிழில் எழுதுதல் வேண்டும். அதனைப் புவியியல் ஆசிரியர் திருத்துதல் வேண்டும். நெய்தலைப் பாடிய மொழி துருவத்தையும் பேசட்டும்.