தண்ணீருக்கும் கணக்கு வேண்டும்!

பால் கணக்கு எழுதுகிறோம். மளிகைக் கணக்கு, இஸ்திரிக் கணக்கு எழுதுகிறோம். கரண்ட் பில் கொஞ்சம் கூடினால் போதும், "யார் ஃபேனை அணைக்காமல் போனது?" என்று வீட்டையே ரெண்டாக்குகிறோம். ஆனால் நேற்று நம் வீட்டில் எத்தனை குடம் தண்ணீர் செலவாயிற்று என்று யாராவது கேட்டால்? திருதிருவென்று விழிப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன், 2019 கோடை வரையில்.

அந்த வருஷத்தைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏரிகள் வறண்டு போய், ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் கொண்டுவந்து வில்லிவாக்கத்தில் இறக்கினார்கள். எங்கள் அடுக்குமாடிக் கட்டிடத்தில் எட்டு வீடுகள். போர் வற்றிவிட்டது. நாலு நாளுக்கு ஒரு லாரித் தண்ணீர் வாங்கி, மாசக் கடைசியில் ஆன செலவை எட்டாக வகுத்துக் கொடுப்போம்.

கீழ் வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். குடும்பப் பென்ஷனில்தான் ஜீவனம். ஒரு நாளைக்கு நாலைந்து பக்கெட்டோடு அவர் செலவு முடிந்துவிடும். மாடியில் ஆறு பேர் உள்ள வீட்டில் வாஷிங் மெஷின் தினமும் ஓடும். ரெண்டு வீட்டுக்கும் ஒரே தொகை! ஒரு நாள் பாட்டி, "ஏம்மா, நான் மிச்சம் பிடிச்சு யாருக்கு லாபம்? மருந்துக்கு வெச்சிருந்த பணத்தை லாரிக்காரனுக்குக் குடுத்துட்டேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த கூட்டத்தில் நான்தான் எழுந்து, "வீட்டுக்கு வீடு மீட்டர் போடலாமே" என்றேன். "தண்ணிக்குப் போய் யாராவது கணக்குப் பார்ப்பாங்களாக்கா?" என்று மாடி வீட்டுப் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ரெண்டு வாரம் என்னோடு பேச்சில்லை. பழைய கட்டிடமாதலால் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்கு ஒரு குழாய், குளியலறைக்கு ஒரு குழாய் என்று தனித்தனியே இறங்குகிறது. ஆகவே வீட்டுக்கு ரெண்டு மீட்டர் வைக்க வேண்டியதாயிற்று. செலவுதான். இருந்தாலும் வைத்தோம்.

முதல் மாசக் கணக்கு வந்தது. எட்டு வீடுகளில் அதிகம் செலவழித்தது எந்த வீடு தெரியுமா? மாடி வீடு இல்லை, சகோதரிகளே, என் வீடு! வீட்டில் நாலே பேர். "சிக்கனம் பேசினவ வீட்டு லட்சணத்தைப் பாரு" என்று என்னவர் சிரித்தார். பிளம்பர் வந்து கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைப் போட்டு, "அரை மணி யாரும் ஃப்ளஷ் பண்ணாதீங்கம்மா" என்றார். அரை மணியில் கீழே பேசினில் ஆரஞ்சு நிறம் இறங்கிவிட்டது! உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்து, ராப்பகலாகச் சத்தமில்லாமல் ஒழுகியிருக்கிறது. மீட்டர் மட்டும் இல்லாவிட்டால் இன்றைக்கும் ஒழுகிக்கொண்டிருக்கும்.

நானே மாடி ஏறிப் போய் என் கதையைச் சொன்னேன். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மெஷினை ஒருநாள் விட்டு ஒருநாள் போட ஆரம்பித்தாள். நாலு நாளுக்கு ஒன்றாக இருந்த லாரி ஆறு நாளுக்கு ஒன்றாயிற்று. பாட்டியின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது.

இதையே ஊர் முழுவதற்கும் யோசித்துப் பாருங்கள். சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணீர் மீட்டர் கிடையாது. மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம். பக்கெட்டில் அளந்து குளிப்பவருக்கும், ரப்பர் டியூப் பிடித்துக் காரைக் கழுவுபவருக்கும் ஒன்றுதான். கரண்டுக்கு அப்படியா? யூனிட் கூடக் கூட ரேட்டும் கூடுகிறது. கட்டணத்தை நிர்ணயிக்க மின்சார ஒழுங்குமுறை ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் 2005-ல் சட்டம் போட்டுத் தண்ணீருக்கே ஓர் ஆணையம் அமைத்தார்கள். அணைத் தண்ணீரை விவசாயத்துக்கும் ஆலைகளுக்கும் ஊர்களுக்கும் மொத்தமாகக் கொடுக்கும்போது என்ன கட்டணம் என்று அது தீர்மானிக்கிறது.

என் தங்கை சிங்கப்பூரில் குடித்தனம் செய்கிறாள். அங்கே 1991 முதல் தண்ணீர் விலையோடு 'தண்ணீர் சேமிப்பு வரி' என்றும் ஒன்று உண்டாம். மாதம் 40 ஆயிரம் லிட்டரைத் தாண்டினால் விலையும் ஏறும், வரியும் ஏறும். "குழாய் வாங்கப் போனாக்கூட, எவ்வளவு தண்ணி மிச்சம் பிடிக்கும்னு சீட்டு ஒட்டியிருக்கும்கா" என்கிறாள்.

மீட்டர் என்றதும் ஏழைகள் வயிற்றில் அடிப்பதா என்று கேட்பீர்கள். நியாயம்தான். பாதாள சாக்கடை உள்ள நகரங்களுக்குத் தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று மத்திய அரசே ஓர் அளவு வைத்திருக்கிறது. அது வரைக்கும் மலிவாகக் கொடுக்கட்டும். பெரிய குடும்பத்துக்குத் தலையை எண்ணி அளவைக் கூட்டட்டும். அதற்கு மேல் போனால் விலை ஏறட்டும்.

இன்னொன்றும் உண்டு. நாமெல்லாரும் மிச்சம் பிடித்தால் தண்ணீர் தருகிறவர்களுக்கு வருமானம் குறையும். ஆனால் குழாய்ப் பராமரிப்பும் சம்பளமும் குறையுமா? உடனே விலையை ஏற்றினால், "மிச்சம் பிடிச்சதுக்கு இதுவா பரிசு?" என்று நமக்கு வெறுத்துப் போகும். அதனால்தான் நடுவில் நின்று கணக்குப் பார்க்க ஓர் ஆணையம் வேண்டும் என்கிறேன். குழாய்ப் பராமரிப்புக்கு ஒரு சிறு நிலையான தொகை, தண்ணீருக்கு அளவுப்படி தொகை என்று அது பிரித்து வைக்கலாம். நம்மை மட்டும் அளந்தால் போதாது. தொட்டியிலிருந்து எவ்வளவு கிளம்பியது, வீடுகளுக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்று தருகிறவர்களும் கணக்குக் காட்ட வேண்டும். ரோட்டுக்கு அடியில் இருக்கும் குழாயும் என் வீட்டு வாஷர் மாதிரிதானே!

சட்டம் போட்டால் ஜனங்கள் கேட்பார்களா? 2003-ல் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றபோது எவ்வளவு முணுமுணுத்தோம்! இருந்தும் குழாய் பதித்தோமா இல்லையா?

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை ரெண்டு காரியம் செய்யுங்கள். சொட்டுகிற குழாய்க்கு அடியில் ஒரு லிட்டர் செம்பை வையுங்கள். ஒரு மணியில் நிறைந்தால் மாதத்துக்கு 720 லிட்டர் போகிறது என்று அர்த்தம். அப்புறம் ஃப்ளஷ் தொட்டியில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர். கேசரியைப் பிறகு கிண்டிக்கொள்ளலாம்!