குழந்தை விளையாடும் சேற்றை யார் பராமரிப்பது?

வீட்டு முற்றத்தில் குழந்தைகள் விளையாட ஒரு சேற்றுக்குழி வெட்டலாமா என்று கேட்டால், நம் குடும்பங்களில் உடனே இரண்டு கட்சிகள் பிறந்துவிடும். மண்ணில் புரண்டால்தான் எதிர்ப்பு சக்தி வரும் என்பது ஒன்று; பூச்சி வரும், டெங்கு வரும் என்பது இன்னொன்று. எந்த மண், எங்கிருந்து வந்தது, எத்தனை நாளாக ஈரத்தில் கிடக்கிறது என்று இரண்டுமே கேட்பதில்லை. சேற்றின் நல்லதும் கெட்டதும் இந்த மூன்றில்தான் இருக்கின்றன. குழி வெட்டலாம் என்பதே என் கருத்து. ஆனால் வாரம் ஒருமுறை அதைக் கிளறிக் காயவைக்க ஆள் இருக்கும் வீட்டில் மட்டும்.

முதல் கட்சி இப்போது அறிவியலையும் துணைக்கு அழைக்கிறது. பின்லாந்தின் குழந்தைகள் காப்பகங்களில் ஜல்லி பரப்பிய முற்றங்களைக் காட்டுத்தரை மண்ணும் புல்லும் கொண்டு மூடிப் பார்த்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் அதில் 28 நாட்கள் விளையாடிய பிறகு, அவர்களின் தோலில் நுண்ணுயிர் வகைகள் பெருகியிருந்தன. நோய் எதிர்ப்பைக் கட்டுக்குள் வைக்கும் சில குறியீடுகளும் இரத்தத்தில் மேம்பட்டிருந்தன. நல்ல செய்திதான். ஆனால் அது பாசியும் செடியும் உள்ள காட்டு மண், குளிர்நாட்டு மண். அந்தக் குழந்தைகளுக்குப் பிற்பாடு நோய் குறைந்ததா என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. அதை வைத்து நம் ஊர்க் களிமண்ணை டானிக் போல விற்பது சரியல்ல. சேற்றைப் பிசைவது குழந்தைக்குப் பிடிக்கிறது, கைவிரலுக்கு வேலை கொடுக்கிறது. குழி வெட்ட இந்தக் காரணம் போதும். மருந்துக் காரணம் தேவையில்லை.

முதலில் மண். 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களே களி. அதைவிடப் பெரியது வண்டல், அதற்கும் மேல் மணல். களிமண்ணிலும் வகை உண்டு. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் தண்ணீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். ஈரத்தில் சின்னக் குழந்தையின் காலைப் பிடித்து இழுத்துவிடும். பருத்திக்கு அருமையான அந்த மண் இந்த வேலைக்கு ஆகாது. குறைவாக உப்பும் களியோடு மூன்றில் ஒரு பங்கு மெல்லிய ஆற்று மணல் கலந்தால் பிசையவும் வரும், கழுவினால் போகவும் செய்யும். ஆற்று மணல் கிடைக்கவில்லை என்று எம்-சாண்டைக் கொட்டிவிடாதீர்கள். உடைத்த கல்லின் கூர்முனைகள் தோலைச் சிராய்க்கும். கையில் இருக்கும் மண் எப்படிப்பட்டது என்று அறிய ஆய்வகம் வேண்டாம். ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டுத் தண்ணீர் நிரப்பிக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் தங்கும், வண்டல் சில மணி நேரத்தில் இறங்கும், களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். எது எவ்வளவு என்று போத்தலே காட்டிவிடும்.

மண்ணின் வகையைவிட அது வந்த இடம் முக்கியம். பழைய பெயிண்ட் உதிர்ந்து விழும் சுவரடி மண்ணும், பெருஞ்சாலை ஓரத்து மண்ணும் வேண்டாம். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நிறுத்தப்பட்டது என்றாலும், மண்ணில் படிந்த ஈயம் மட்கி அழிவதில்லை. குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கான எச்சரிக்கை அளவை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024-இல் பத்து லட்சத்துக்கு 400 பங்கிலிருந்து 200 ஆகக் குறைத்தது குழந்தைகளை மனதில் வைத்துத்தான். நம் ஊரில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. ஏரி வண்டல் என்றாலே சுத்தம் என்று நம்புகிறோம். ராணிப்பேட்டையின் குரோமியக் கழிவையும், பாலாற்றுத் தோல் ஆலைகளையும், நொய்யலில் கலந்த சாயக் கழிவையும் அறிந்தவர்கள் அந்த வட்டாரத்து ஏரி மண்ணைக் குழந்தையின் கையில் கொடுக்கத் தயங்குவார்கள், தயங்கவும் வேண்டும். ஏரியில் நாமாக மண் வெட்ட அனுமதி வேறு வேண்டும். சுலபமான வழி, பக்கத்தில் மண்பாண்டம் செய்பவரிடம் சில மூட்டை வாங்குவது. கல்லும் வேரும் நீக்கிய களி அவரிடம் இருக்கும். எந்தக் கண்மாயில் எடுத்தது என்றும் சொல்வார். அந்த உழைப்புக்குப் பேரம் பேசாமல் விலை கொடுக்கலாம்.

இனிப் பராமரிப்பு. பலருக்கும் சலிப்புத் தட்டுவது இங்கேதான். குழி தப்பிப்பதும் கெடுவதும் இங்கேதான். மனிதக் கழிவு கலந்த ஈர மண்ணில் கொக்கிப்புழு முட்டை ஓரிரு நாளில் பொரிந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் வெறுங்கால் வழியே உடலில் ஏறத் தயாராகிவிடுகிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர எடுத்துக்கொள்வதும் ஏறத்தாழ அதே காலம். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீரை வடித்து, மண்ணைக் கொத்திக் கிளறி, நல்ல வெயிலில் வெடிப்பு விடும்வரை காயவிட்டால் இரண்டின் கணக்கும் முறிந்துபோகும். கொக்கிப்புழுவின் இளம்புழு உலர்ச்சியையும் நேர் வெயிலையும் தாங்காது. ஏடிஸ் முட்டை உலர்ந்தும் பிழைக்கும் என்பதால், சேற்றைத் தொட்டியில் வைத்திருந்தால் அதன் உள்விளிம்பைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். நாய், பூனை எச்சத்தில் வரும் உருளைப்புழு முட்டைகள் தொற்றும் நிலையை அடைய வாரக்கணக்கில் ஆகும். இரவில் வலையோ பலகையோ போட்டு மூடி, தப்பி விழுந்த எச்சத்தைச் சுற்றியுள்ள மண்ணோடு அன்றே அள்ளிவிட்டால் அந்தப் பயமும் பெருமளவு தீரும். மரநிழலில் குழி வெட்டுவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் தவறு. நிழல் வேண்டுமானால் குழந்தை விளையாடும் நேரத்துக்கு ஒரு துணிப்பந்தல் போதும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மண்ணுக்குள் காற்றில்லை என்று பொருள். இலைதழைகளை அகற்றிக் காயப்போடுங்கள். பிளீச்சிங் பவுடர் தூவுவது வீண்: மண்ணிலுள்ள மட்கே குளோரினைத் தின்றுவிடும், உருளைப்புழு முட்டையின் ஓடோ அதற்கு அசையாது. சாணம் கலக்கும் பழக்கமும் இங்கே வேண்டாம், அதில் டெட்டனஸ் வித்துகள் இருக்கக்கூடும்.

எவ்வளவு கவனித்தாலும் ஆபத்து பூஜ்யமாகாதே என்பார்கள். உண்மைதான். காலில் ஆறாத புண் உள்ள குழந்தையையும், நோய் எதிர்ப்பு குறைந்த குழந்தையையும் சேற்றில் இறக்கக் கூடாது. தடுப்பூசி அட்டையை, குறிப்பாக ஐந்து வயதுக்குரிய டிபிடி ஊக்கத் தவணையை, ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தரும் குடற்புழு மாத்திரையைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இவை குழி இல்லாத வீட்டுக்கும் பொருந்தும். தெருவோரத்துச் சாக்கடைச் சேற்றில் எப்படியும் கால் வைக்கிற குழந்தைக்கு, எங்கிருந்து வந்தது என்று தெரிந்த சேறு கூடுதல் ஆபத்து அல்ல.

வலுவான ஆட்சேபம் இடம் பற்றியது. அடுக்குமாடியில் முற்றம் ஏது, மொட்டைமாடியில் வைக்கலாமே என்று தோன்றும். நான்கடிக்கு நான்கடி, அரையடி ஆழம் என்ற சிறிய குழிக்கே ஏறக்குறைய 400 கிலோ ஈரமண் பிடிக்கும். சதுர மீட்டருக்கு 250 கிலோவைத் தாண்டும். ஆட்கள் நடமாடும் மாடிக்கு நம் கட்டட விதிகள் எடுத்துக்கொள்ளும் சுமை சுமார் 150 கிலோதான். ஆகவே மாடி கூடாது. குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டியில் நான்கு விரற்கடை களி போதும், பால்கனி வெயிலில் அது சீக்கிரம் காயவும் செய்யும். தரைத்தளத்தில் குடியிருப்போர் சங்கம் பொதுக்குழி அமைத்தால், யார் எந்த வாரம் வடிப்பது என்று பெயர் எழுதி ஒட்டிய பிறகு மண்ணை இறக்கட்டும். கை கால் கழுவிய தண்ணீரைக் குழாயில் விடாமல் வாளியில் தெளியவைத்துச் செடிக்கு ஊற்றுங்கள். களி இறங்கி அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயைத் திறக்கும் செலவு, குழி வெட்டிய செலவைவிட அதிகம்.