மரக்கணக்கில் வராத அழுகண்ணி

கல்வராயன் மலையின் தாவரங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் துறையினர் முதலில் காட்டுவது மரக்கணக்கைத்தான். அங்குள்ள பகுதி பசுமைமாறாக் காட்டைப் பற்றிக் கடவுள், பார்த்தசாரதி இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் நமக்குக் கைகொடுக்கிறது. ஆனால் அது மரவகைகளுக்கான அளவீடு. தரையோடு ஒட்டிக் கிடக்கும் ஒருபருவச் செடிகளைக் காண வேறு முறை வேண்டும். அதைவிட முக்கியமாக, வேறு மாதம் வேண்டும்.

அழுகண்ணியை எடுத்துக்கொள்வோம். தாவரவியலில் டிரோசீரா பர்மானி. இலங்கைத் தாவரங்களை 1737இல் நூலாக்கிய பர்மனின் பெயரை வால் என்பவர் 1794இல் இதற்குச் சூட்டினார். இந்தியா, இலங்கை தொடங்கி ஆஸ்திரேலியா வரை பரவிய இனம் இது. ஆனாலும் ஒரு நாணயத்தைவிடச் சற்றே அகலமான இலையடுக்கு என்பதால் காலடியில் இருந்தாலும் கண்ணில் படாது. இலையின் நடுவிலுள்ள பசைமுடிகளில் பூச்சி சிக்குகிறது. ஓரத்திலுள்ள நீண்ட முடிகள் சில வினாடிகளில் மடங்கி அதை உள்ளே தள்ளுகின்றன. டிரோசீரா இனங்களில் இது மிக வேகமானவற்றுள் ஒன்று. பூச்சி கிடைத்தால் விதை பெருகும் என்பதை, வேறொரு டிரோசீரா இனத்தில், சார்லஸ் டார்வினின் மகன் பிரான்சிஸ் 1878இலேயே சோதித்துக் காட்டினார்.

விதைதான் இதன் உயிர். மண் காய்ந்ததும் செடி மடிந்துவிடும். மிஞ்சுவது மண்ணில் கிடக்கும் விதை மட்டுமே. கோடை விடுமுறையில் மாணவர்களை அழைத்துப்போய் 'இல்லை' என்று எழுதுவது அறிவியலாகாது. பூத்துக் காய்க்கும் முன் வேரோடு பிடுங்கினாலோ அடுத்த ஆண்டின் செடியும் போய்விடும். மருந்துக்குச் சேகரிப்பவர்களுக்குச் சொல்வதை ஹெர்பேரியத்துக்குச் சேகரிக்கும் நாமும் கடைப்பிடிக்க வேண்டும்.

இச்செடி வாழ்வது சத்தில்லாத, ஈரமான, வெயில் படும் தரையில். அத்தகைய நிலத்தைத் தரிசு என்று எழுதிவிடுகிறோம். பிறகு அங்கே மரக்கன்று நட்டு நற்பணி என்கிறோம். நிழல் விழுந்தால் அழுகண்ணி தாங்காது. மேல்காட்டு மரவள்ளிக்குப் போட்ட உரம் மழைநீரோடு இறங்கினால் புல் ஓங்கி இதை மூடிவிடும். மேத்யூ அடிகளார் தமிழ்நாட்டின் கர்நாடகச் சமவெளியையும் அதன் குன்றுகளையும் நடந்து தொகுத்த தாவரநூல் 1980களில் வந்தது. அதற்குப் பிறகு மலைப்பாதைகளும் பயிர்களும் எவ்வளவோ மாறிவிட்டன.

வடகிழக்குப் பருவமழை ஓயும் மார்கழி, தையில் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்துப் பாறைக்கசிவுகளையும் ஓடைக்கரைகளையும் குனிந்து பாருங்கள். வனத்துறையின் அனுமதியோடு, அங்குள்ள மலையாளிப் பழங்குடிப் பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு செல்லுங்கள். படம் எடுங்கள், மண்ணின் தன்மையையும் உடன்வளரும் செடிகளையும் குறியுங்கள். தேடியும் கிடைக்கவில்லை என்றால் அதையும் தேதியோடு எழுதுங்கள். அந்தக் குறிப்புகளையும் இவ்விதழ் அச்சிடும். செடி இருக்கும் துல்லியமான இடத்தை மட்டும் அச்சிடாது.