குச்சிதாத்தி: ஒருவர் தனியாகச் சுடக் கூடாத பலகாரம்



பெருநாள் நெருங்கினால் ஒரு பேச்சு கட்டாயம் வரும். "இப்ப யாரு வீட்டில பலகாரம் சுடுறாங்க? எல்லாம் கடைதான். அந்தக் காலம் போயிட்டு." இப்படிக் கவலைப்படுபவர்களில் அநேகர் ஒருநாளும் மா குழைத்தவர்கள் அல்ல. பிறை கண்ட இரவில் ஒரு மணி வரை அடுப்படியில் நின்று, விடிய எழும்பிப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, வந்தவர்களுக்குத் தட்டு நீட்டும் உம்மாமாரும் ராத்தாமாரும் இந்தக் கவலையைப் பெரிதாகப் பேசுவதில்லை. அவர்களுக்குக் கால் வலி.

வீட்டுப் பலகாரம் வேண்டும் என்பதுதான் என் கட்சியும். ஆனால் அது எப்படி நிலைக்கும் என்பதில் எனக்கு வேறு கருத்து உண்டு. அதைச் சொல்ல, இத்தாலியின் தெற்கே உள்ள சிசிலித் தீவின் ஒரு பலகாரத்தை எடுத்துக்கொள்கிறேன். விடுமுறையில் எங்கள் வீட்டில் செய்த பலகாரம்.

அதன் பெயர் குச்சிதாத்தி. காய்ந்த அத்திப்பழத்தை உள்ளே வைத்துச் சுடும் பிஸ்கட். அத்திப்பழம், முந்திரிகை வற்றல், வறுத்த பாதாம், வால்நட், தோடம்பழத் தோல், தேன், கறுவா, கராம்பு, கொஞ்சம் சொக்லட் எல்லாம் சேர்த்து அரைத்த பூரணம். அதை மெல்லிய மாவில் சுருட்டி, துண்டு போட்டு, ஓவனில் சுட்டு, மேலே சீனிப் பாகு பூசிக் கலர்ச் சீனி மணிகள் தூவுவார்கள். சிசிலியில் இது கிறிஸ்மஸ் காலத்துப் பலகாரம்.

"கிறிஸ்மஸ் பலகாரத்தை நாம ஏன் செய்யணும்?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்ல. எனக்குத் தெரிந்த வரலாற்றை மட்டும் சொல்கிறேன்.

827இல் வட ஆபிரிக்காவில் இருந்து அக்லபிகளின் படை சிசிலியின் மசாராவில் இறங்கியது. 831இல் பலேர்மோ அவர்கள் கைக்கு வந்தது. 1072இல் நோர்மன்கள் அந்நகரைப் பிடிக்கும் வரை, இருநூறு வருடங்களுக்கு மேல் அது முஸ்லிம்களின் தலைநகர். கரும்பு, எலுமிச்சை, கசப்புத் தோடை, அவற்றுக்கு நீர் பாய்ச்சும் முறை எல்லாம் அந்தக் காலத்தில்தான் அங்கே வேரூன்றின. இன்றைக்கும் சிசிலிக்காரர்கள் தோடம்பூவை 'ஸாகரா' என்கிறார்கள், அரபியின் 'ஸஹ்ர்' அது. அவர்களுடைய 'ஸிபிப்போ' திராட்சையின் பெயர் 'ஸபீப்' என்ற சொல்லில் இருந்து வந்தது. நம்முடைய நாரத்தையும் அரபியின் நாரஞ்சும் இத்தாலியின் அரான்ச்சாவும் ஒரே சொல்லின் பிள்ளைகள். கறுவா சிசிலியில் விளையாது. அது இந்து சமுத்திரத்துப் பக்கமிருந்து கப்பலில் போன சரக்கு. 1344இல் இங்கே வந்த இப்னு பதூதா புத்தளம் கரையோரத்தில் கறுவாக் கட்டைகள் கிடந்ததை எழுதி வைத்திருக்கிறார்.

குச்சிதாத்தியை அரபிகள்தான் கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அதன் பெயர் லத்தீன் வழி வந்தது. பெருமைக்காக வரலாற்றைக் கூட்டிச் சொல்வது ஓர் ஆசிரியருக்கு அழகும் அல்ல. ஆனால் அதற்குள் போகும் சீனிக்கும் தோடைக்கும் பின்னால் ஒரு முஸ்லிம் விவசாயியின் வியர்வை இருக்கிறது.

1184இல் ஹஜ் முடித்துத் திரும்பிய இப்னு ஜுபைர், கப்பல் உடைந்து சிசிலியின் மெஸ்ஸினாவில் கரையேறினார். அப்போது ஆட்சி கிறிஸ்தவர்களுடையது. பலேர்மோவின் கிறிஸ்தவப் பெண்கள் கிறிஸ்மஸ் தினத்தில் முஸ்லிம் பெண்களைப் போலவே உடுத்து, மேலாடையும் முகத்திரையும் இட்டு வெளியே வந்ததை அவர் வியப்போடு எழுதினார். அதன் பிறகு சில பத்தாண்டுகளுக்குள் இரண்டாம் பிரெடெரிக் மன்னன் மிச்சமிருந்த முஸ்லிம்களை இத்தாலியின் லூச்சேராவுக்குக் குடிபெயர்த்தான். மக்கள் போனார்கள். மரங்களும் சொற்களும் சுவையும் அங்கேயே நின்றன. பக்கத்து வீட்டார் பெருநாளில் எப்படி உடுத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பது ஒருவருக்கொருவர் தெரிந்திருந்த ஊர் அது. அப்படியான ஊர்கள் நம் நாட்டிலும் உண்டு.

ஹலால் விடயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய முறையில் மாவுக்குப் பன்றிக் கொழுப்பும், பூரணத்துக்கு மர்சாலா என்ற வைனும் சேர்ப்பார்கள். கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்க முடியாது. வீட்டில் செய்தால் அந்தச் சிக்கல் இல்லை. கொழுப்புக்குப் பதில் பட்டர், வைனுக்குப் பதில் தோடம்பழச் சாறு. இதனால் பலகாரம் கெட்டுப்போகாது. சிசிலியிலேயே வீட்டுக்கு வீடு பூரணம் மாறும்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். இந்தப் பலகாரத்தில் எனக்குப் பிடித்தது அதன் வேலை ஒழுங்கு.

பூரணத்தை இரண்டு மூன்று நாளுக்கு முன்பே அரைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், வைத்தால் சுவையும் கூடும். 400 கிராம் அத்திப்பழம், 100 கிராம் முந்திரிகை வற்றல், 150 கிராம் பாதாமும் வால்நட்டும், ஒரு தோடம்பழத்தின் சாறும் துருவிய தோலும், மூன்று மேசைக்கரண்டி தேன், ஒரு தேக்கரண்டி கறுவாத் தூள், கராம்புத் தூள் ஒரு சிட்டிகை, 50 கிராம் சொக்லட். அத்திப்பழம் விலை என்றால் பாதிக்குப் பேரீச்சம்பழம் போடுங்கள், தேனைக் குறையுங்கள். மாவுக்கு 500 கிராம் கோதுமை மா, 150 கிராம் சீனி, 180 கிராம் பட்டர், இரண்டு முட்டை, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், குழைக்கப் பால். 180 பாகை சூட்டில் இருபது நிமிடம் அளவில் அடிப்பக்கம் பொன்னிறமாகும். ஆறிய பின் ஐசிங் சீனியைத் தேசிக்காய்ச் சாற்றில் கரைத்துப் பூசுங்கள். மூடிய டின்னில் இரண்டு கிழமை இருக்கும்.

வேலையை எண்ணிப் பாருங்கள். கொட்டையை வறுத்து உடைக்க ஒருவர். அரைக்கப் பலமுள்ள ஒருவர். மா தட்ட ஒருவர். சுருட்டி வெட்ட ஒருவர். சீனி மணி தூவ ஐந்து வயதுப் பிள்ளை போதும். ஒரே ஆள் இத்தனையும் செய்தால் அடுத்த வருடம் அவரே கடையில் வாங்குவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இருந்து இலட்சக்கணக்கான சிசிலியர் வறுமையால் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் பலருக்கு இன்று சிசிலியப் பேச்சே வராது. ஆனால் குச்சிதாத்தி சுடத் தெரியும். டிசம்பரில் ஒரு நாளைக் குறித்து, இறைச்சி அரைக்கும் மெஷினை மேசையில் பூட்டி, முழுக் குடும்பமும் சுற்றி உட்கார்ந்த வீடுகளில் அது நிலைத்தது. கை கண்டதை மனம் மறக்காது. வகுப்பறையிலும் இதையேதான் பார்க்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சிசிலியின் எரிச்சே ஊரில் மரியா கிரம்மாத்திகோ என்ற புகழ்பெற்ற பலகாரக்காரி இருக்கிறார். வறுமை காரணமாகச் சிறு வயதில் கன்னியர் மடத்தின் அநாதை விடுதியில் சேர்க்கப்பட்டு, அங்கே விடிய விடியப் பாதாம் உடைத்து, அரைத்து வளர்ந்தவர். கன்னியர்கள் செய்முறையை வெளியே சொல்வதில்லை, பார்த்துப் பார்த்துத்தான் பழகினார். அவருடைய கதை 1994இல் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தது. அதன் பெயரே கசப்புப் பாதாம். இனிப்பைச் சாப்பிட்டவர்களுக்கு அதைச் செய்த சிறுமியின் கை தெரியவில்லை. பாரம்பரியம் என்று நாம் புகழும் பலதும் இப்படி யாரோ ஒரு பெண்ணின் தூக்கத்தில் கட்டப்பட்டது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். நம் வட்டிலப்பமோ தொதலோ சம்சாவோ, இந்தக் குச்சிதாத்தியோ, எதுவானாலும் வீட்டில் செய்வதென்று முடிவெடுத்தால் அன்றைக்கு முழு வீடும் அடுப்படிக்கு வரட்டும். வாப்பாவும் நானாவும் சேர்த்துத்தான். தொதல் கிண்டப் பலம் வேண்டும், அது ஆண்களிடம் இருக்கிறது. மகனுக்கு உருட்டுக்கட்டை கொடுப்பதால் அவன் ஆண்பிள்ளைத்தனம் குறையாது. அளக்கவும் பொறுக்கவும் பாத்திரம் கழுவவும் பழகுவான். அப்படி வர முடியாத வருடம், கஷ்டப்பட்டு வீட்டில் செய்து விற்கும் நம் ஊர்ப் பெண்களிடம் நியாயமான விலை கொடுத்து வாங்குங்கள், விலை பேசிக் குறைக்காதீர்கள். இரண்டும் மரியாதையான வழி. ஒரு பெண்ணைத் தனியாக நிற்க வைத்துவிட்டு "அந்தக் காலம் போயிட்டு" என்று கவலைப்படுவது மட்டும் மரியாதை இல்லை.

உங்கள் வீட்டில் பெருநாள் பலகாரத்துக்கு யார் என்ன வேலை செய்கிறார்கள்? கீழே எழுதுங்கள். ஆண்கள் முதலில் எழுதினால் இன்னும் சந்தோஷம்.