முகிலுக்கு மேலிருந்து ஒரு கண்

2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதியைச் சபரகமுவ மக்கள் எளிதில் மறப்பதற்கில்லை. அன்று அடைமழையினால் அரநாயக்கவிலே சாமசர மலை சரிந்து ஊர்களை மூடியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்து லயத்தின் மீதும் மண் சரிந்து உயிர்களைப் பலிகொண்டது. இத்தகைய வேளைகளில் முகில் மலைகளை மறைத்துவிடுவதால், சாதாரணப் புகைப்படக் கருவி வானிலிருந்து எதனையும் காண இயலாது. முகிலிலும் இருளிலும் தடையின்றிப் பணியாற்ற வல்லது ரேடார்.

ரேடார் தானே வானொலி அலைகளை அனுப்பி, நிலத்திற் பட்டு மீளும் எதிரொலியைக் கொண்டு படம் வரைகிறது. அலையின் வலு மிகுந்தால் படமும் தெளிவாகும் என்று நேயர்கள் எண்ணக்கூடும். வலு மட்டும் போதாது. எந்தத் திசையில் அலையைப் பரப்புவது, எந்தத் திசையிலிருந்து வருவதைக் கேட்பது என்னும் அன்ரனாவின் அலைக்கோலமும் செவ்வையாய் அமைதல் வேண்டும்.

டோர்ச் லைட்டைச் சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவே பிரகாசமான வட்டமும், அதனைச் சுற்றி மங்கிய ஒளியும் விழும். அன்ரனாவிலும் இவ்வாறே பக்கங்களிற் சிதறும் கிளைக்கற்றைகள் உண்டு. அவை வேறொரு சரிவிற் பட்டு, உரிய இடத்து எதிரொலி வரும் அதே கணத்தில் மீளுமாயின், இல்லாத பொருள் இருப்பதுபோற் படத்திலே தோன்றிவிடும். அன்ரனாவின் ஓரங்களுக்குச் செல்லும் வலுவைப் படிப்படியாகக் குறைத்தால் கிளைகள் அடங்கும். ஆயின் நடுக்கற்றை அகன்று கூர்மை சற்றே குன்றும். இவ்விரண்டுக்கும் இடையே அளவறிந்து நிற்பதே பொறியியலாளரின் வேலை.

இந்தியாவும் அமெரிக்காவும் கூடி அமைத்த 'நிசார்' என்னும் செய்மதி 2025 ஜூலை 30ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 12 மீற்றர் குறுக்களவுள்ள வலைக்குடை ஒன்று அதன் அன்ரனாவாக விளங்குகிறது. அது அலையை அகலமாக வீசி, மீளும் எதிரொலியை ஒடுங்கிய கற்றைகளால் ஓரம் முதல் ஓரம் வரை பின்தொடர்ந்து கேட்கிறது. எதிர்மலையிலிருந்து அழைப்பவரின் குரலுக்கு நாம் காதருகே கையைக் குவிப்பதில்லையா? அது போன்றதே இதுவும். இதனாலே சுமார் 240 கிலோமீற்றர் அகலமான நிலம் ஒரே ஓட்டத்திற் படமாகிறது. 12 நாட்களுக்கொரு முறை அதே பாதையில் மீண்டு, முன்னைய படத்தோடு ஒப்பிடும்போது, மெல்ல நகரும் நிலத்தின் சென்ரிமீற்றர் அளவான அசைவும் புலனாகும். அதன் 24 சென்ரிமீற்றர் நீள அலை, இறப்பர் மரத்தின் இலைகளை ஊடுருவவும் வல்லது.

எனினும் ஒரு மழையிரவிற் சரியும் மலையை இக்கண் தடுத்துவிடாது. செங்குத்தான சரிவுகளிற் சில பக்கங்கள் அதற்குத் தெரிவதுமில்லை. ஆகவே நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் தாய்மார் தாமதியாது பிள்ளைகளுடன் பாதுகாப்பான இடத்துக்குச் செல்க. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் எச்சரிக்கை தமிழிலே, காலத்தோடு, லயத்தின் கடைசி வாசல் வரை வந்து சேரவும் வேண்டும். அது சேராவிடின், எத்துணை கூரிய படத்தாலும் நம் மக்களுக்குப் பயனில்லை.