தாழி காணாத பழமொழி

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையைத் தமிழ் பயிலும் மாணவர் அறிவர். சிரம்பானை அடுத்த பள்ளியொன்றில் ஒரு மாணவி அதன் பொருளைப் பிழையின்றி எழுதியிருந்தாள். "தாழி என்றால் என்னம்மா?" என்று கேட்டேன். "அது பழமொழியில் வருவது, ஐயா" என்றாள். முழுப் புள்ளி பெற்ற விடை அவளுடையது.

அவள்மீது எனக்குக் குறையில்லை, நம்மீதுதான் வழக்கு. தமிழ் சாகிறதென்று மேடைதோறும் முழங்குகிறோம். சொல் சாகுமுன் அச்சொல் சுட்டும் பொருள் வீட்டைவிட்டுப் போய்விடுவதை நாம் எண்ணுவதில்லை. மத்து, உறி, உறைமோர், ஆடை, கடைதல், திரளுதல், உருக்குதல் யாவும் அடுப்பங்கரைச் சொற்கள். அவற்றை அகராதியில் குடியேற்றிவிட்டு, மாணவரிடம் சொல்வளம் இல்லையெனப் புலம்புவது எவ்வகை நியாயம்?

இரண்டு தலைமுறைக்கு முன் நிலைமை இதுவன்று. ரந்தாவ், லாபு, சிலியாவ் வட்டாரத் தோட்டங்களில் லயங்களுக்குப் பின்னே மாட்டுக் கொட்டகைகள் இருந்தன. ரப்பர் மரத்தை வெயில் ஏறுமுன் சீவினால்தான் பால் நன்கு ஒழுகும். தயிரையும் வெயில் ஏறுமுன் கடைந்தால்தான் வெண்ணெய் கட்டிப்பட்டுத் திரளும். சூடேறினால் நெகிழ்ந்து மோரோடு கலந்து கிடக்கும். பெரட்டுக்குப் புறப்படுமுன், விடியற் கருக்கலில், மத்தின் ஓசை கேட்டதற்குக் காரணம் இதுவே. ரப்பர்ப் பாலில் ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறையவைத்த மக்கள், வீட்டுப் பாலை ஒரு கரண்டி மோரிட்டு உறையவைத்தனர். இரண்டும் புளிப்பின் வேலை. அறிவியல் ஆசிரியர் ஒருவரேனும் இதை வகுப்பில் சொல்லி நான் கேட்டதில்லை.

பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகள் நெய்க்குப் பொன்னை விலையாகப் பெற மறுக்கிறாள். எருமையும் பசுவும் கன்றும் கேட்டுப் பெறுகிறாள். உரையின் துணையோடு அப்பகுதியைப் படித்து வியக்கிறோம். சம்பள நாள் எட்டாத் தொலைவில் இருக்கையில், பால் விற்ற காசில் பிள்ளைக்குச் சட்டை வாங்கிய தோட்டத்துத் தாயிடம் அந்த ஆய்மகளின் கணக்கு உயிரோடு இருந்தது. அவளை நாம் எடுத்துக்காட்டாகக் கூறுவதில்லை.

ரப்பர் சாய்ந்தது, செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மாடு கட்ட இடமின்றி மக்கள் பெயர்ந்தனர். இன்று ரொட்டியில் தடவுவதைப் பிள்ளைகள் 'மெந்தேகா' என்கின்றனர். போர்த்துக்கீசியரிடமிருந்து மலாய்க்கு வந்த சொல் அது. (சொல்லைக் குறை கூறவில்லை, கடன் வாங்காத மொழி ஏது?) ஆனால் பல வீடுகளில் அந்த டப்பாவுக்குள் இருப்பது வெண்ணெயே அன்று, தாவர எண்ணெயில், அதிலும் பெரும்பாலும் செம்பனை எண்ணெயில் செய்த மார்ஜரின். கொட்டகையைப் பெயர்த்த மரமே டப்பாவுக்குள் அமர்ந்துகொண்டு வெண்ணெயின் பெயரையும் கேட்கிறது!

"லயத்து வாழ்வு என்ன சொர்க்கமா?" என்று இளைஞர் வினவுவர். சொர்க்கமன்று. மத்துக் கயிற்றை இழுத்த கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. அவற்றுக்கு ஓய்வே இருந்ததில்லை. மாடு வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு பாடவேளை கேட்கிறேன்.

பெட்டிப் பால் இதற்கு உதவாது. அதன் கொழுப்புத் துளிகளை ஆலையில் நொறுக்கிவிடுவதால் ஆடை தடிப்பதில்லை. மாடு வைத்திருப்போரிடம் கறந்த பாலை வாங்கிக் காய்ச்சி, நான்கைந்து நாள் ஆடையைக் குளிர்பதனப் பெட்டியில் சேர்த்து, ஒரு கரண்டி தயிரிட்டு ஓரிரவு வெளியே வையுங்கள். பத்து லிட்டர் பசும்பாலிலும் அரைக்கிலோ வெண்ணெய் கிடைப்பது அரிது. தாழி உடைந்தவளின் துயரம் அப்போது விளங்கும். கடையில் விற்கும் பாலேடும் ஆகும். வாயகன்ற போத்தலில் பாதியளவு ஊற்றி, சிறிது குளிர்ந்த நீர் சேர்த்து, கைமாற்றிக் கைமாற்றிக் குலுக்கச் செய்யுங்கள். முதலில் நுரைக்கும்; பிறகு கெட்டியாகி ஓசை அடங்கும். "இது ஆகாது, ஐயா" என்பர் மாணவர். அவ்விடத்தில் நிறுத்தக்கூடாது. சட்டென்று மோர் பிரிந்து, இளமஞ்சள் மணிகள் ஒன்றுகூடும். 'திரளுதல்' என்று கரும்பலகையில் எழுதவேண்டிய கணம் அதுவே. அதற்குமுன் எழுதுவது வீண்.

பின்னர் வெண்ணெயைத் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். மோரைக் கொட்டிவிடாதீர்கள்; நீர் விளாவி உப்பிட்டால் கடைசி வரிசைக்கும் போதும்.